கோழிக்கால் நட்சத்திரம்

மோன்னா இப்போலிதாவின் மாமனார் கோவேறு கழுதை ஓட்டியவர். உப்பு மூட்டையை மலை தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் ஆட்டுத்தோல் ஏற்றிக்கொண்டு வருவார். கஸ்தெல் துரந்தே ஊரில் வயசான எவரைக் கேட்டாலும் அந்தக் கழுதையைத் தெரியும் என்பார்கள். அதற்கு ஒரு காதில் பாதிதான் இருந்தது. இரண்டு தலைமுறைக்குள் அதே கழுதை காது முளைத்து, பிடரி சிலிர்த்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு சிவப்புக் களத்தில் நிற்கும் வெள்ளைக் குதிரையாகிவிட்டது. குடும்பச் சின்னம் என்று அதற்குப் பெயர். வாசல் வளைவில் கல்லில் செதுக்கியிருந்தார்கள். கட்டில் விரிப்பில் தைத்திருந்தார்கள். கோயிலில் முழங்கால் போடும் பலகையிலும் குதிரைதான். தட்டில் மட்டும் இன்னும் ஏறவில்லை.

ஏற்றித் தரவேண்டியவர் உபால்தோ மேஸ்திரி. மண் தட்டில் பூசிய, இன்னும் சுடாத வெள்ளைப் பூச்சின் மேல் சின்னம் எழுதுவதில் அந்த ஆற்றோரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. உலர்ந்த மாவின் மேல் கோலம் எழுதுகிற மாதிரி வேலை அது. தூரிகை பட்டதும் பூச்சு சாயத்தைக் குடித்துவிடும். கை நடுங்கினால் நடுக்கமும் சேர்ந்து சுட்டு நிற்கும். நாற்பது வருஷமாக அவர் பெரிய மனிதர்களுக்குச் சிங்கம் எழுதித் தந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு சிங்கம். ஒருத்தராவது சிங்கத்தைப் பார்த்ததில்லை.

மாதிரித் தட்டின் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்ததும் இப்போலிதாவின் முகம் சுருங்கியது.

"இதென்ன நிறம் மேஸ்திரி?"

"சிவப்பும்மா."

"இது கிச்சிலிப்பழம்."

"சூளைக்கு நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், பச்சை தெரியும். சிவப்பு மட்டும் தெரியாது. குடுத்தா கருகிப்போகும். கிட்டத்துல வர்றது இதுதாம்மா."

"எங்க குதிரை ரத்தக் களத்துல நிக்குது. கிச்சிலித் தோப்புல மேயல."

சிவப்பு சரியாக வருகிறதா என்று பார்த்துவர மகன் லத்தான்சியோவை அனுப்பினாள். அவன் வந்தான், மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். சிவப்பை அவன் பார்த்ததாகத் தெரியவில்லை. பட்டறை மூலையில் உட்கார்ந்து தட்டுகளுக்கு விளிம்புக்கொடி எழுதிக்கொண்டிருந்த உபால்தோவின் மகள் தியனோராவைத்தான் பார்த்தான். தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் வழக்கம் அவளுக்கு. எவ்வளவு சொல்லியும் விடவில்லை. மாலையானால் உதடு நீலமாகிவிடும். தெருவில் அவளுக்கு நீலவாய் என்றே பெயர்.

ஒரு கோடைக்காலம் முழுக்க இப்போலிதா கூடாது என்றாள். அடுத்த அறுவடையில் பையன் சாப்பாட்டை விட்டுவிட்டான். கழுதைக்காரன் பேரனுக்குச் சூளைக்காரன் மகள் என்றால் ஊரில் யாரும் புருவம் தூக்கியிருக்க மாட்டார்கள். குதிரை வீட்டுக்குத்தான் அது பெரிய இறக்கமாகப் போய்விட்டது. ஒப்புக்கொண்ட பிறகும் சம்பந்தி என்று அவள் வாய் உபால்தோவை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

கல்யாணத் தட்டுகளில் கேடயத்தை நடுவில் பிளந்து, ஒரு பாதியில் மாப்பிள்ளை வீட்டுச் சின்னமும் மறு பாதியில் பெண் வீட்டுச் சின்னமும் எழுதுவது முறை. அங்கேதான் சிக்கல்.

"உங்க வீட்டுச் சின்னம் என்ன மேஸ்திரி?"

"எங்களுக்கு ஏதும்மா சின்னம். வாசல்ல ஒரு பூனை படுத்திருக்கும்."

"விளையாடாதீங்க. பாதிக் கேடயம் காலியா இருந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? கழுகு போடுங்க. ரெண்டு தலைக் கழுகு."

"ஒரு தலைக்கே எங்க வீட்டுல சோறு பத்தல."

தியனோராதான் வழி கண்டுபிடித்தாள். நீலக் களத்தின் நடுவில் மஞ்சளில் மூன்று முனை கொண்ட ஒரு வடிவத்தை எழுதி வருங்கால மாமியார் முன் வைத்தாள். இப்போலிதா தட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். கிட்டத்தில் பார்த்தாள்.

"நட்சத்திரமா?"

"ஆமாங்க அத்தே. ரொம்பப் பழசு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து வீட்டுல இருக்கு."

பொய் இல்லை. சூளையில் தட்டு தட்டோடு ஒட்டாமல் இருக்க அடியில் வைக்கிற மூன்று முனை மண் தாங்கி அது. எல்லாப் பட்டறையிலும் கூடை கூடையாகக் கிடக்கும். கோழிக்கால் என்பார்கள். எந்தத் தட்டானாலும் அதன் முதுகில் கோழிக்கால் நின்ற இடத்தில் மூன்று சிறு தழும்பு இருக்கும். தட்டைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் பெரிய வீடுகளில் கிடையாது.

அடுத்த ஞாயிறே, மருமகளின் முப்பாட்டன் புனித பூமிக்குப் போருக்குப் போய் வானத்தில் அந்த நட்சத்திரத்தைக் கண்டதாகக் கோயில் வாசலில் இப்போலிதா சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிரவு அப்பாவும் மகளும் சிரித்த சிரிப்பில் உபால்தோவுக்கு மூக்கு வழியாகத் திராட்சை மது வந்துவிட்டது.

"இருக்கட்டும்ப்பா," என்றாள் தியனோரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத்தனை காலமா அடியில நின்னு தாங்கிட்டுத்தானே இருந்துச்சு. ஒரு தடவை மேல வந்து உக்காரட்டும்."

கல்யாணமாகி அவள் கருவுற்றதும் உபால்தோ யாரும் கேட்காமலே ஒரு பேறுகாலக் கிண்ணம் செய்தார். பெற்றவள் படுக்கையிலேயே கோழிச்சாறு குடிப்பதற்கான காலுள்ள கிண்ணம். அதன் மேல் மூடியாக ஒரு தட்டு, அதன் மேல் உப்புக் கிண்ணம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி ஒரே ஜாடிபோல் நிற்கும். கிண்ணத்தின் உள்ளடியில் கேடயம்: ஒரு பாதி குதிரை, மறு பாதி கோழிக்கால். மடியில் வைத்துக் குடிப்பாளே, துணியில் உரசுமே என்று அடித் தழும்பு மூன்றையும் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினார்.

"முழுசாக் குடிச்சாத்தான் சின்னம் தெரியும்," என்றார். "மிச்சம் வெச்சேன்னா எனக்குத் தெரிஞ்சுபோகும்."

"எங்க மாமியார் வீட்டுச் சாறு ரொம்பத் தண்ணிப்பா. ஊத்தும்போதே சின்னம் தெரியும்."

அதில் சாறு ஊற்ற வேளை வரவில்லை. வலி எடுத்து மூன்றாம் நாள் பிள்ளை போயிற்று; விடிவதற்குள் அவளும் போனாள். பேறு அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது என்று உபால்தோவை முற்றத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் உதடு நீலமாக இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், தூரிகையை நக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று அவருக்குக் கோபம் வந்தது.

துக்கம் முடிந்த மறு மாதம் இப்போலிதா பட்டறைக்கு வந்தாள். கறுப்புத் துணி, ஆனால் நல்ல கறுப்பு. பின்னால் இரண்டு வேலைக்காரர்கள் வைக்கோல் அடைத்த கூடைகளை இறக்கினார்கள். கூடை நிறையக் கல்யாணத் தட்டுகள். மேலாகப் பேறுகாலக் கிண்ணம்.

"லத்தான்சியோவுக்கு இடம் அமைஞ்சிருக்கு," என்றாள். "ஃபெர்மிஞ்ஞானோ பக்கத்துக் கோட்டை வீடு. பழைய ரத்தம். அவங்க சின்னம் பச்சைக் களத்துல வெள்ளைக் கோபுரம். இந்த நட்சத்திரப் பாதியை மட்டும் எடுத்துட்டு அதைப் போட்டுடுங்க. கிண்ணத்துலயும்தான்."

உபால்தோ கிண்ணத்தை வைக்கோலிலிருந்து எடுத்தார்.

"சுட்டதை எடுக்க முடியாதும்மா. புதுசாப் பண்ணித் தரேன்."

"இதுக்கென்ன குறைச்சல்? கோமகனோட அரண்மனைக்காரரே பார்த்துட்டுப் போன தட்டு. ஒரு பாதி மாறினதுக்காக முழுசையும் தூக்கிப் போடுவாங்களா?"

மகனின் வாழ்க்கையைத்தான் சொல்கிறாளோ என்று உபால்தோவுக்குத் தோன்றியது. இல்லை. தட்டைத்தான் சொன்னாள்.

"உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க. ஃபயென்சாக்காரன் ஒருத்தன் உர்பினோவுல இருக்கான். இரும்பால சுரண்டியே எடுத்துடுவானாம்."

மகள் எழுதிய மஞ்சளின் மேல் இரும்பு போவதை உபால்தோ மனசுக்குள் பார்த்தார். கூடையை உள்ளே வைக்கச் சொன்னார்.

அதன் பிறகு அவர் செய்த வேலையைச் சூளை போடுகிற பெர்னாபேதான் முதலில் கவனித்தான். வெள்ளைப் பூச்சுக் கலக்கவில்லை. சூளைக்கு விறகு சொல்லவில்லை. பலகையில் படம் எழுதுகிறவர்கள்போல ஆளி எண்ணெயில் சாயம் குழைத்துக்கொண்டிருந்தார்.

"நெருப்புல வைக்கலியா மேஸ்திரி?"

"வேண்டாம்."

"எண்ணெய்ச் சாயம் மெருகு மேல நிக்காதே. நாலு தடவை சுடச்சுடக் குழம்பு பட்டா உரிஞ்சு வந்துடுமே."

"வரட்டும்."

பெர்னாபே சிரித்தான். தட்டில் பாதி மறைந்திருந்த மஞ்சள் முனையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு விறகுக்கொட்டடிக்குப் போய்விட்டான்.

எண்ணெய்ச் சாயத்தில் ஒரு வசதி. நெருப்புக்குத் தெரியாத சிவப்பு அதற்குத் தெரியும். கோபுரத்தை எழுதிய கையோடு குதிரையின் களத்துக்கும் நல்ல ரத்தச் சிவப்பாக அடித்துக் கொடுத்தார். இப்போலிதா தட்டை எடுத்துப் பார்த்து முதல்முறையாக அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"பார்த்தீங்களா, மனசு வெச்சா வருது."

கல்யாண விருந்தன்று உபால்தோ கூப்பிடாமலே போனார். தட்டு உடைந்தால் ஒட்டித் தர ஒரு ஆள் வேண்டாமா என்று சொல்லிச் சமையல்கட்டு வழியில் நின்றுகொண்டார். அடுப்பில் முயல் கறி கொதித்தது; கிராம்பும் பட்டையும் போட்டு, கருப்பான, கொழுப்பு மிதக்கிற குழம்பு. அது தட்டில் விழும். கறியைக் கத்தியால் அறுப்பார்கள், ரொட்டியால் வழிப்பார்கள். வெள்ளைக் கோபுரம் ரொட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். பழைய ரத்தமெல்லாம் மென்றுகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு தட்டிலும் தியனோராவின் கோழிக்கால் எழும்பும். இப்போலிதாவின் வாய் எப்படிப் போகும் என்று இந்த மூன்று மாதமாகத் தினம் தினம் பார்த்தாயிற்று.

குழம்பு கூடத்துக்குள் போனது. வெள்ளீயத் தட்டுகளில் போனது.

சின்னம் எழுதிய தட்டுகளைக் கூடத்தின் எதிர்ச்சுவரில் ஐந்து படி கட்டி, சிவப்புத் துணி விரித்து, முன்னால் மெழுகுவத்தி ஏற்றி நிறுத்தியிருந்தார்கள், திருவிழாவில் சொரூபம் வைத்த மாதிரி. விருந்தாளி ஒருவர் ஒரு தட்டைத் தொடப் போனார்.

"தொடாதீங்க, அதெல்லாம் பார்க்கிறதுக்கு," என்றாள் இப்போலிதா. "அதுல யாராவது சாப்பிடுவாங்களா?"

உபால்தோ வீட்டுக்கு நடந்தார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். சிரிப்பதற்கு ஆள் இல்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் காலைப் பூசை முடிந்த நேரம், பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கூட ஒரு வேலைக்காரி. நிறைமாதத்துக்குப் பக்கம், போர்வைக்குள் வயிறு முன்னால் நிற்க, அந்த வயிற்றின் மேல் எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். லத்தான்சியோவின் இரண்டாம் மனைவி வியோலாந்தே. கூடத்துப் படிகளுக்கு முன்னால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தபோது பெரிய பெண்ணாகத் தெரிந்தாள். பகலில் பார்த்தால் சின்னப் பெண்.

வேலைக்காரியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் போர்வையை விலக்கினாள். பேறுகாலக் கிண்ணம்.

"அய்யா, கால் வீங்குதுன்னு என்னை இப்பவே படுக்க வெச்சுட்டாங்க. பூசைக்குன்னு கெஞ்சித்தான் வெளிய வந்தேன். பார்க்க வர்ற அம்மாமார் பார்க்கட்டும்னு அத்தை சாறு முழுக்க இதுலதான் குடுக்கிறாங்க. முந்தாநாள் குடிச்சுட்டிருக்கும்போது எங்க கோபுரம் மிதந்து வந்துச்சு."

உபால்தோ வாங்கிப் பார்த்தார். கோபுரத்தில் பாதி போயிருந்தது. உரிந்த இடத்தில் நீலம். நீலத்தில் இரண்டு மஞ்சள் முனை, நேற்று எழுதினதுபோல. எதற்காகச் சாயம் குழைத்தாரோ அது நடந்துவிட்டது. அவர் நினைத்த வாய் வேறு.

"வேற யாரும் பார்த்தாங்களா?"

"இல்ல. பார்க்கக்கூடாதேன்னு முழுங்கிட்டேன்."

"எதை?"

"கோபுரத்தைத்தான்." சிரிக்கப் பார்த்தாள். "ஊருல எங்க நெசக் கோபுரம் எப்பவோ விழுந்துபோச்சு. கல்லை எடுத்துப் பன்னிக்கொட்டாய் கட்டியிருக்கோம். இது ஒண்ணுதான் மிச்சம், அதையும் நான் தின்னுட்டேன்."

உட்காரச் சொன்னார். மூலையிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அது யாருடைய முக்காலி என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

"இந்த நட்சத்திரம் உங்க மகளோடதுன்னு வேலைக்காரி சொன்னா."

"ஆமா தாயி."

"செத்தவங்க கிண்ணம்னு எனக்கு யாரும் சொல்லல."

"அவ அதுல குடிச்சதில்ல. நெருப்பு மேல சத்தியமா. குடிக்கிறதுக்கு முந்தியே போயிட்டா."

அதைச் சொன்னது ஆறுதலுக்குத்தான். சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட ஆறுதல் என்று புரிந்தது. வியோலாந்தே இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு ரொம்ப வலிச்சுதா?"

"என்னை உள்ள விடல தாயி."

"எனக்கு யார்கிட்டயும் கேக்க முடியல. கேட்டா அத்தை சிலுவை போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறாங்க. அவர் அழறாரு. தினம் சாறு கொண்டு வர்றாங்க. குடிக்கக் குடிக்க அடியில அவங்க கொஞ்சம் கொஞ்சமா வெளிய வர்றாங்க. நேத்து மிச்சம் வெச்சேன். சத்து வேணும், முழுசாக் குடின்னாங்க." குரல் உடைந்தது, உடனே நிமிர்த்திக்கொண்டாள், பழைய ரத்தம். "கோபமில்லைங்கய்யா. ஒண்ணு, அவங்களை முழுசா வெளிய எடுத்துடுங்க. யாருன்னு தெரிஞ்சு பார்த்துக்கறேன். இல்ல, நல்லா மூடிடுங்க. இப்படிப் பாதி எட்டிப் பார்க்கிறதுதான் தாங்க முடியல."

ஒரு ஈரத்துணி போதும். ஒரே துடைப்பு. அந்தப் பெண்ணே சம்மதம் சொல்லிவிட்டாள். உபால்தோ துணியைக் கையில்கூட எடுத்துவிட்டார். கிண்ணத்துக்குள் தியனோராவின் இரண்டு முனை. முக்காலியில் ஒரு சின்னப் பெண்ணின் வீங்கிய கால்.

துணியைக் கீழே வைத்தார்.

"மூடிடறேன்," என்றார். "இந்தத் தடவை நெருப்புல வெச்சு மூடறேன். எத்தனை சாறு ஊத்தினாலும் வராது. சிவப்பு மட்டும் எரிஞ்சு போய், குதிரை பழையபடி கிச்சிலிக் களத்துக்கு வந்துடும். அத்தை கேப்பாங்க."

"சூட்டுல சாயம் போச்சுன்னு சொல்லிக்கறேன்." எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "அவங்க எப்படி இருப்பாங்க?"

"தூரிகையை நக்குவா," என்றார் உபால்தோ. 

அவள் போனதும் எண்ணெய்ச் சாயத்தை முழுக்கத் துடைத்து எடுத்தார். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர் பார்க்காத கோழிக்கால் முழுசாக வெளியே வந்தது. நடுவில் தூரிகை தூக்கிய இடத்தில் ஒரு சின்னக் குமிழ், அவசரக்காரி. அன்று பகல் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தை அடுப்புச் சூட்டில் வாட்டி, வெள்ளைப் பூச்சைக் கெட்டியாகக் கலக்கி, நீலத்தின் மேல் விட்டார். முதல் முனை போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதின் மேல் பூச்சு தானாகவே ஓடி வந்து மூடிக்கொண்டது.

பூச்சு உலர்ந்து, அதன் மேல் கோபுரம் எழுதி முடித்தபோது பெர்னாபே சூளையைத் தொட மறுத்தான்.

"தேய்பிறை மேஸ்திரி. தேய்பிறையில யாராவது சூளை போடுவாங்களா? நிலா தேயுற மாதிரி நெருப்பும் தேயும். நிறம் செத்துப்போகும். வளர்பிறை வரட்டுமே."

"அவளுக்கு வளர்பிறைவரைக்கும் நாள் இல்ல."

"எவளுக்கு?"

உபால்தோ விறகுக் கட்டை அவிழ்த்தார். பெர்னாபே முணுமுணுத்துக்கொண்டே சிலுவை போட்டு, காய்ந்த புதர் விறகை உள்ளே தள்ளினான். ஒரே ஒரு கிண்ணத்துக்காக ஒரு சூளை. அண்டைப் பட்டறைக்காரர்கள் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். உபால்தோ கிண்ணத்தைத் தன் கையாலேயே கோழிக்காலின் மூன்று முனை மேல் நிறுத்திவிட்டுச் சூளை வாயை அடைத்தார்.

பெர்னாபே சொன்னதுபோலப் பச்சை கொஞ்சம் செத்துத்தான் வந்தது. கோபுரம் நின்றது. அடியில் என்ன இருக்கிறது என்று வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் தெரியவில்லை. அவர் பிடித்துப் பார்த்தார்.

வியோலாந்தேவுக்கு அடுத்த வாரம் பெண் பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். சாறு முழுசாகக் குடித்தாள், கோபுரம் அசையவில்லை என்று வேலைக்காரி மூலம் சொல்லி அனுப்பினாள். உபால்தோ சேதி கேட்டபோது களிமண் பிசைந்துகொண்டிருந்தார். நல்லது என்றார். மறுபடி பிசைந்தார். மண் ஏற்கனவே பதத்தில்தான் இருந்தது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் இப்போலிதா கிண்ணத்தோடு நேரே வந்துவிட்டாள்.

"சிவப்பு போச்சு மேஸ்திரி. மறுபடியும் கிச்சிலி."

"எண்ணெய்ச் சாயம்மா. சூட்டுக்கு நிக்காது."

"அது போகட்டும். இதைப் பாருங்க." கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். "பிஷப்போட அக்கா மடியில வெச்சுப் பார்த்தாங்க, பட்டுல இழுத்துடுச்சு. அடியில மூணு மரு. முன்னே இப்படி இல்ல. தேய்ச்சுக் குடுங்க."

தேய்க்கிற கல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அன்றுவரை, நாற்பது வருஷத்தில் எந்தக் கிராக்கிக்கும் வேலையைப் பற்றி உபால்தோ பொய் சொன்னதில்லை.

"தேய்ச்சா விரிசல் விட்டுடும்மா. கோபுரம் ரெண்டாப் பிளந்துபோகும்."

"அப்ப அப்படியே இருக்கட்டும்," என்றாள் அவசரமாக. "அடியில யாரு பார்க்கப் போறாங்க."

வைக்கோலில் வைத்துக் கட்டுமுன் அந்த மூன்று முனையின் மேலும் ஒரு தடவை கட்டைவிரலை ஓட்டினார். கூராகத்தான் இருந்தன. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை அவளோடு வந்த வேலைக்காரனிடம் கொடுத்தார்.